பிரேக் பிடித்த இடமெல்லாம்

குகதாசன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"டீச்சர், இந்த ஆணி டயரை நம்பலாமோ?"

நிரஞ்சலா டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள் தேத்தண்ணி ஆறிவிடும் என்று, அவரிடம் கார் ஓடப் படித்தவர்கள் எல்லாரும் பகிடி பண்ணுவார்கள். கேட்டவன் நின்றுகொண்டே இருக்கவேண்டியதுதான்.

இது நடந்தது வடநோர்வேயில், கடலும் மலையும் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மீன்பிடி ஊரில். தை மாதம். சூரியன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத காலம். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளுக்கும், பிறகு பழையபடி இருட்டு. ஊருக்கு வெளியே ஒரு வழுக்குத் திடல் இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கிறவர்கள் காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டுப் பழகுகிற இடம். அங்கே படிப்பிக்கிறவர்தான் டீச்சர். குகதாசனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவர். அதனாலென்ன, அவரிடம் படித்து, பலமுறை தோற்று, கடைசியில் பாஸ் பண்ணிய நாளிலிருந்து அவனுக்கு அவர் டீச்சர்தான்.

அந்தக் குளிர்காலம் டீச்சருக்கு வேலை இல்லை. வலது கை உடைந்து முழங்கைவரை மாக்கட்டு. ஐஸில் கார் ஓடப் படிப்பிக்கிற மனுசி சொந்த வாசற்படியில் வழுக்கி விழுந்தது ஊருக்கெல்லாம் பெரிய சிரிப்பு. டீச்சரும் சேர்ந்துதான் சிரித்தார்.

குகதாசன் சிரிக்கவில்லை. டீச்சரே விழுந்தால் நான் எந்த மூலைக்கு என்று அவனுக்கு நடுக்கம் கூடிவிட்டது.

அவன் பயம் சும்மா பயமில்லை. முந்தின குளிர்காலம், மலைப்பாதையின் உச்சி வளைவில் அவனுடைய கார் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்சில்லு பள்ளத்துக்கு மேலே தொங்க நின்றது. பக்கத்தில் மனைவி பவளராணி. அசைந்தால் கார் போய்விடும் என்று இரண்டு பேரும் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தார்கள். யாரோ புண்ணியவான் கயிறு போட்டு இழுத்தான். அன்றைக்குப் பிறகு அவன் குளிர்காலத்தில் மலை ஏறியதே இல்லை.

இந்தமுறை ஏறாமல் தீராது. மகள் சிந்துஜாவுக்கு இது பேறு மாதம். மருமகன் மீன்பிடிக் கப்பலில், நடுக்கடலில். பிள்ளைப்பேறு பார்க்கிற ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம்.

"பிள்ளைநோ கண்டால் நான்தான் கொண்டுபோகவேணும் டீச்சர். அதுக்காகத்தான் இருக்கிறதிலேயே திறமான டயரா வாங்கிப் போட்டனான். சொல்லுங்கோ, நம்பலாமோ?"

"எப்ப போட்டது?"

"போன கிழமை. புத்தம் புதுசு."

"கடைக்காரன் ஏதும் சொன்னவனோ?"

"நெடுகக் கதைச்சவன். அவன்ரை நோர்வேஜியன் ஆருக்கு விளங்குது? நான் 'யா, யா' எண்டு தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, சோதிக்காமல் விடுவனோ? ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலையும் பிரேக்கிலை ஒரு குத்து. இறக்கத்திலை ஒரு குத்து. வீட்டு வாசல்லை ஒரு குத்து. பிடிக்குதோ, பிடிக்குதோ எண்டு பார்த்துக்கொண்டுதான் திரியிறன். நல்லாப் பிடிக்குது!"

டீச்சர் தன் வீட்டு வாசலில் நின்ற அவனுடைய காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். இடது கையால் டயரைத் தடவினார். ஐஸைக் கௌவ ரப்பருக்குள் பதித்திருந்த சின்ன இரும்பு ஆணிகள் விரலில் தட்டின. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இஞ்சை விரலை வையுங்கோ."

வைத்தான்.

"என்ன இது?"

"ஓட்டை."

"இது?"

"இதுவும் ஓட்டை." அடுத்த சில்லுக்கு ஓடினான். அங்கேயும் ஆணி இருக்கவேண்டிய இடங்களில் வெறும் குழிகள். "கடவுளே! ஏமாத்திப்போட்டான் டீச்சர்! பழைய டயரை என்ரை தலையிலை கட்டிப்போட்டான்! நான் இப்பவே போய் அவன்ரை கழுத்தைப் பிடிக்கிறன்!"

"பிடிக்கலாம். முதல்லை நடவுங்கோ."

அவன் வந்த தெருவழியே டீச்சர் நடந்தார். அவன் பின்னால் போனான். கடற்கரைத் தெருவுக்கு உப்புப் போட்டிருந்ததால் பனி கரைந்து, தார் கறுப்பாகத் தெரிந்தது. பள்ளிக்கூட வளைவுக்கு முன்னால் டீச்சர் நின்றார்.

"இதிலை குத்தினனீங்களோ?"

"ஓம். இது பொல்லாத வளைவு."

டீச்சர் டோர்ச்சை நிலத்துக்குப் பிடித்தார். தாரில் சின்னதாக ஏதோ மினுங்கியது. குகதாசன் குனிந்து எடுத்தான். ஒரு ஆணி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

தேவாலயத்துக்கு முன்னால் இருந்த இறக்கத்திலும் கிடந்தது. மீன் தொழிற்சாலைச் சந்தியிலும் கிடந்தது. அவன் எங்கெங்கே பயந்தானோ அங்கெல்லாம் கிடந்தது. டீச்சர் தன் சட்டைப்பையிலிருந்து தொண்டை மிட்டாய்த் தகர டப்பாவை எடுத்து நீட்டினார். அவன் ஆணிகளை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டான். இப்போது கடைக்காரனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

"புது ஆணி ரப்பருக்குள்ளை இறுகி இருக்க நாள் எடுக்கும்" என்றார் டீச்சர். "அதுவரைக்கும் மெல்ல ஓடவேணும். குத்தக்கூடாது. கடைக்காரன் நெடுகக் கதைச்சது அதைத்தான்."

"ஐயோ. அப்ப இன்னொரு செட் வாங்கட்டோ?"

"வாங்கலாம். அதையும் சோதிப்பீங்கள்."

அவன் வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. பவளராணி. அவள் கத்தியது டீச்சருக்கே கேட்டது.

"பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுதப்பா! அம்புலன்ஸ் வேறை எங்கையோ போயிட்டுதாம். மருத்துவிச்சி உடனே வெளிக்கிடச் சொல்லுறா. எங்கை நிக்கிறியள்?"

குகதாசன் கார்ச் சாவியை நீட்டினான். "டீச்சர், நீங்கள் ஓடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

டீச்சர் மாக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். "பக்கத்திலை இருக்கிறன். வாங்கோ."

"நல்லகாலம், இண்டைக்குக் குளிர் குறைஞ்சு பூச்சியத்துக்கு வந்திட்டுது" என்றான் அவன், தன்னைத் தானே தேற்றிக்கொள்ள.

டீச்சர் மலையைப் பார்த்தார். அங்கே மழை தூறிக்கொண்டிருந்தது.

"மைனஸ் இருபதிலை ஐஸ் காய்ஞ்சு கிடக்கும் அண்ணை. பூச்சியத்திலை அதுக்கு மேலை தண்ணி நிக்கும். அப்பதான் கூட வழுக்கும்."

அவன் காரை நோக்கி ஓடினான்.

வீட்டு வாசலில் சிந்துஜா பின்சீட்டில் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கார் வெளிக்கிட்டது. வெறும் தாரில் ஆணிகள் கறகறவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் கேட்கும்வரை குகதாசனுக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. மலையடிவாரத்தில் அது சட்டென்று நின்றது.

"சத்தம் நிண்டிட்டுது டீச்சர்! எல்லா ஆணியும் விழுந்திட்டுது!"

"பனிக்குள்ளை வந்திட்டம். பனியைப் பிடிக்கிறது ரப்பரிலை இருக்கிற வெட்டு. ஆணிக்கு இப்ப வேலை இல்லை."

முதல் வளைவு வந்தது. அவன் கால் பிரேக்கை நோக்கிப் போனது. பிடிக்குதோ என்று ஒருக்கால், ஒரே ஒருக்கால்.

டீச்சர் டப்பாவை ஆட்டினார். கிலுகிலு.

கால் திரும்பி வந்தது.

"பிள்ளை, நோகுதோ?" என்று அவன் கண்ணாடிக்குள் பார்த்துக் கேட்டான்.

"ஓமப்பா."

அடுத்த வளைவு. கால் போனது. கிலுகிலு. கால் வந்தது.

"இப்ப எப்படி பிள்ளை? கூடவோ? குறைவோ? சமாளிப்பியோ?"

"அப்பா." சிந்துஜா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "வீட்டிலை ஒரு மாசமா மணிக்கொருக்கா இதைத்தான் கேட்டீங்கள். எனக்குப் பதில் சொல்லியே களைச்சுப் போச்சு. இனி ஒருக்காக் கேட்டீங்களெண்டால் நான் இறங்கி நடப்பன்."

அவன் கண்ணாடியை விட்டுப் பாதையைப் பார்த்தான்.

ஏற ஏற மழை கூடியது. மரங்கள் முடிந்துபோயின. வைப்பர் இரண்டும் அடித்துக்கொண்டே இருக்க, வெளிச்சத்துக்குள் வந்த பாதை இப்போது வெள்ளையாக இல்லை. கண்ணாடியாக மினுங்கியது. குகதாசனுக்கு அந்த இடம் தெரியும். கனவிலெல்லாம் அதே வளைவுதான் வரும். வலதுபக்கம் பாறை. இடதுபக்கம் ஒன்றுமே இல்லை.

"டீச்சர், ஏலாது."

"காஸ் பெடலிலையிருந்து காலை எடுங்கோ. இப்பவே. அவ்வளவுதான்."

எடுத்தான். கார் தளர்ந்து, நடை வேகத்துக்கு வந்தது. ஸ்டீயரிங் கையில் காற்றாக இருந்தது. பின்னால் பவளராணி சந்நிதி முருகனைக் கூப்பிடத் தொடங்கினாள். போன வருசம் சில்லுத் தொங்கிய இடத்தில் வளைந்துபோன தகரவேலி இன்னும் அப்படியே நின்றது. கார் லேசாக இடதுபக்கம் வழுகியது. ஒரு கணம் அவன் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தான். கால் பிரேக்குக்கு மேலே நின்றது. டப்பா சத்தம் வரவில்லை. டீச்சரும் மூச்சுவிடாமல் இருந்தார்.

அவன் காலை வைக்கவில்லை.

அப்போது கேட்டது, சில்லுகளுக்குக் கீழே மெல்லிய கீறல் சத்தம். மிச்சமிருந்த ஆணிகள் ஐஸைக் கௌவத் தொடங்கியிருந்தன. கார் திரும்பியது. வேலி பின்னால் போனது.

"தப்பிட்டம்!" என்று பவளராணி அழுதாள்.

எங்கே தப்பியது? இறக்கத்தின் பாதியில், மழைக்குள் மஞ்சள் விளக்குகள் மின்னின. மீன் ஏற்றிய லொறி ஒன்று ஏறமுடியாமல் சறுக்கி, பாதைக்குக் குறுக்கே நின்றது. குகதாசன் ஒன்றும் யோசிக்கவில்லை. பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்தான். பெடல் காலுக்குக் கீழே துடித்தது. கார் பல்லைக் கடிப்பதுபோல் நறநறத்துக்கொண்டு போய், போய், லொறியின் பின்சில்லுக்கு ஒரு முழம் இருக்க நின்றது.

லொறிக்காரன் இறங்கி வந்து, பாறைப் பக்கமாக இருந்த இடைவெளியைக் கைகாட்டினான்.

"டப்பாவை ஏன் ஆட்டேல்லை டீச்சர்?" குகதாசனின் குரல் கிழிந்திருந்தது.

"இதுக்குத்தானே ஆணி" என்றார் டீச்சர்.

ஆஸ்பத்திரி வாசலில் சிந்துஜாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பவளராணி கூடவே உள்ளே போனாள். குகதாசனும் டீச்சரும் பேற்றறைக் கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்டர் ஓடிப்போனார். இன்னொருத்தி ஏதோ மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கதவு மூடியது.

மலையில் பயந்தது ஒரு பயமே இல்லை என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. அங்கே ஸ்டீயரிங்காவது கையில் இருந்தது. இங்கே வெறும் கை. எழுந்துபோய்க் கதவைத் தட்டினான். தாதி எட்டிப் பார்த்து, பொறுக்கச் சொன்னாள். வந்து இருந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி தட்டினான். தாதியின் முகம் இறுகியிருந்தது. உள்ளே மகள் கத்துவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அது அவனைக் கொன்றது. மூன்றாம் தரமும் எழுந்தான்.

கிலுகிலு.

அவன் நின்றான். கதவைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது.

பிறகு ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

பவளராணி ஓடிவந்தாள். "பெட்டைப்பிள்ளை! கொடி கழுத்திலை சுத்தியிருந்ததாம். இப்ப ரெண்டு பேரும் சுகம். சிந்து உங்களைத்தான் முதல்லை கேட்டவள்."

"என்னையோ? என்ன கேட்டவள்?"

"அப்பா கதவை உடைக்கேல்லையோ எண்டு கேட்டவள்."

அவன் சிரித்தானோ அழுதானோ, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையை அவன் கையில் கொடுத்தார்கள். ஒரு கோழிக்குஞ்சின் பாரம்கூட இல்லை. அவன் அவளுடைய மூக்குக்குக் கிட்டக் காதை வைத்து, மூச்சு வருகிறதா என்று கேட்டான். பிறகு இன்னொருக்கால் கேட்டான். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தான். மலை இருட்டுக்குள் நின்றது. நாளைக்கோ மறுநாளோ அதே வளைவால் இவளைக் கொண்டுபோகவேண்டும்.

அவன் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"டீச்சர்," என்றான், "மிச்சம் இருக்கிற ஆணி இவளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போதுமோ?"

டீச்சர் தகர டப்பாவை, சத்தம் வராமல், அவனுடைய சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இன்னும் எத்தனை தரம் சோதிச்சுப் பார்க்கப் போறீங்கள் அண்ணை?"