சேமி பொத்தான்

தேவநேசனுக்கு வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதியவர். செல்போன் செயலி எழுதக் கற்றுக்கொள்ள மைமூனிடம் வந்து சேர்ந்தார். மைமூனுக்கு முப்பத்தொன்று.

தேவநேசன் முதலில் எழுதியது தடுப்பூசிப் பதிவுக்கான செயலி. ஒரே நிரல்தான், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும்.

ஒரு மாதம் கழித்துப் புகார் வந்தது. கிராமத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் ஸ்டெல்லா என்ற நர்ஸ், ஒரு குழந்தைக்கு முதல் ஊசி போட்டுவிட்டு ‘சேமி’யைத் தொட்டிருக்கிறார். திரையில் அசைவே இல்லை. மறுபடி தொட்டார். செயலி அதை இரண்டாம் ஊசியாக எழுதிக்கொண்டது. அடுத்த ஊசிக்கு வந்த தாயை, “அதான் போட்டாச்சே” என்று வேறொரு நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். தாய் தடுப்பூசி அட்டையைக் காட்டிச் சண்டை பிடித்ததால்தான் குழந்தைக்கு ஊசி கிடைத்தது.

தேவநேசன் அன்றே கிளம்பினார். நேரில் போய் ஸ்டெல்லாவின் போனில் அளந்து பார்த்தார். சேமிக்க இரண்டு விநாடி ஆனது.

மைமூனிடம் வந்தார்.

“மேடம், ஒரே நிரலை ரெண்டு போனுக்கும் ஓட்டுறதாலதான் இவ்வளவு மெதுவு. தனித்தனியா எழுதிடலாமா? ஆறு மாசம் ஆகும்.”

மைமூன் அவர் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

“தனித்தனியா எழுதிடலாமான்னு கேட்டேன் மேடம்.”

பதில் இல்லை.

“மேடம்!” குரல் உயர்ந்துவிட்டது.

“முதல் தடவையே கேட்டுச்சு சார். யோசிச்சிட்டிருந்தேன்.”

“அப்போ தலையையாவது ஆட்டியிருக்கலாமே...”

சொல்லிவிட்டுச் சற்று நின்றார். பிறகு தன் இருக்கைக்குத் திரும்பினார். விரல் பட்ட கணமே பொத்தான் மங்கி, ‘பதிவாகிறது’ என்று காட்டும்படி மாற்றினார். பதிவு முடியும்வரை இன்னொரு தொடுதலை ஏற்காதபடியும் செய்தார்.

பத்து நாள் கழித்து ஸ்டெல்லா போன் செய்தார். “இப்போ நல்ல வேகம் சார். தேங்க்ஸ்.”

தேவநேசன் மறுபடி போய் அளந்தார். குழப்பத்தோடு மைமூனிடம் வந்தார்.

“அதே ரெண்டு செகண்டுதான் மேடம், கொஞ்சம்கூடக் குறையல. வேகமாயிடுச்சுன்னு எப்படிச் சொல்றாங்க?”

மைமூன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“முன்னாடி அந்த ரெண்டு செகண்டும் அவங்க தனியா இருந்தாங்க சார்.”