பின்பட்டையின் சாய்வு

செண்பக அம்மையைத் தேடி வானூர்மலைக்கு வருகிறவர்கள் முதலில் காண்பது அவருடைய பாதங்களைத்தான். பெரும்பாலும் அவர் ஜீப்பின் அடியில் படுத்திருப்பார். பாதங்கள் மட்டும் வெளியே நீண்டிருக்கும். வணங்க வந்தவர்களுக்கு அதுவும் ஒரு வசதியாயிற்று.

நாமக்கல்லில் லாரிகளின் அடியில் அதிர்ச்சி தாங்கும் வில்பட்டைகளைக் கட்டும் பட்டறையில் தந்தையோடு பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவர் அவர். துறவு பூண்டபோது எல்லாவற்றையும் விட்டார். ஸ்பேனர் பெட்டியை மட்டும் விடவில்லை. மலைமேல் இருந்த குடிலில் ஏழெட்டுப் பேர் அவரிடம் பாடம் கேட்டார்கள். அவர்களுள் மூத்தவர் தில்லைநாயகம். பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்து மூன்று.

தில்லைநாயகத்துக்கு ஒரு பெருமை உண்டு. பணிக்காலம் முழுவதும் அவர் ஒருவரிடமும் ஒரு குவளை மோர்கூட ஓசியில் வாங்கிக் குடித்ததில்லை. கொடுக்க வந்தவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர், மலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே மஞ்சள் காமாலையில் விழுந்தார். நாற்பது நாள் பாயிலேயே கிடந்தார். குடிலில் சமையல் செய்த பூவாயிதான் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிப் புகட்டினார்; எழ முடியாத நாள்களில் தாங்கிப் பிடித்தார்; துணிகளை முகம் சுளிக்காமல் அலசிப்போட்டார். தில்லைநாயகம் எழுந்து நடமாடிய அன்று, "கஞ்சிக்கு உப்புப் பத்துதுங்களாய்யா?" என்று பூவாயி கேட்டார். அவ்வளவுதான். அந்த நாற்பது நாளைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இப்போது பூவாயிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அடிவாரத்து மருத்துவமனையில் டயாலிசிஸ். பதினான்கு கிலோமீட்டர். பாதை என்று பெயர்; இருப்பதெல்லாம் பாறை.

ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பிவந்து ஜீப்பிலிருந்து இறங்கிய பூவாயி, பின்கதவின் கம்பியைப் பிடித்த பிடி விடாமல் நின்றார்.

"சாமியம்மா, இனிமே நான் வரலீங்க."

"நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டார் குரு.

"சொன்னாருங்க. பத்து நாளுங்கறாரு, பதினஞ்சு நாளுங்கறாரு. ஊசியத் தாங்கிக்கிறனுங்க. இந்த வண்டியத் தாங்க முடியலீங்க. ஒவ்வொரு குழியிலயும் முதுகெலும்பு சுள்ளியாட்டம் முறியுது. என்னை விட்டுருங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பருப்பு வேகும் நேரம் அது.

வாசலில் நின்றிருந்த தில்லைநாயகத்தின் காதில் எல்லாம் விழுந்தது. நேரே குருவிடம் வந்தார்.

"அம்மையே, ஒரு கேள்வி. ஒருவர் செய்த நன்மைக்கு ஈடு செய்து முடிப்பது எப்படி?"

"ஜீப்பின் பின்பட்டையைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"படுங்கள்."

தில்லைநாயகம் மேல்துண்டை மண்ணில் விரித்துப் படுத்தார். குருவும் பக்கத்தில் படுத்துக் கையை நீட்டிக் காட்டினார்.

"பழைய பட்டை முறிந்துபோனதால் வேறொரு வண்டியின் பட்டையைப் பொருத்தினேன். அது நான்கு விரற்கடை நீளம் அதிகம். பின்நுனியில், பட்டையைச் சட்டத்திலிருந்து தொங்கவிடும் இரண்டு தகடுகள் தெரிகின்றனவா?"

"தெரிகின்றன."

"சாக்கிள் என்போம். ஊஞ்சல்போல் ஆட வேண்டும்."

"ஆட எங்கே இடம்? சட்டத்தோடு ஒட்டிப் படுத்துக்கிடக்கிறதே!"

"சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது, பட்டையின் வளைவு நிமிர்ந்து நீளப் பார்க்கும். நீள இடமில்லை. அந்த அடி எங்கே போகும்?"

தில்லைநாயகத்துக்குப் பூவாயியின் முதுகெலும்பு நினைவுக்கு வந்தது. அடி எங்கே போகிறது என்பதைச் சற்றுமுன்தான் அவர் வாயால் கேட்டிருந்தார்.

குரு வெளியே வந்து, பெட்டியிலிருந்து கனமான இரும்புத் துண்டுகள் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

"நாமக்கல்லிலிருந்து நேற்று வந்த பிராக்கெட்டுகள். இவற்றைப் பொருத்தினால் ஊஞ்சலின் கொக்கி பின்னுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் மூன்று துளைகள். எந்தத் துளையில் மாட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்."

"அளவு?"

"நீங்கள்தாமே பொறியாளர்!"

புதனும் வியாழனும் தில்லைநாயகம் உண்டது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. ஜீப்பின் பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, சட்டத்தின் அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. பழைய கொக்கிகளை அறுத்தெடுத்தார், பிராக்கெட்டுகளைப் பொருத்தினார். தூக்குக்குண்டு கட்டினார், கோணமானி வைத்தார். முதல் துளையில் மாட்டியபோது சாக்கிளின் சாய்வு மயிரிழை பிசகாமல் அமைந்தது. நட்டுகளை முறுக்கத் தொடங்கினார். ஸ்பேனரின் வால் போதாமல், அதில் ஒரு குழாயைச் செருகி, முழு உடம்பையும் போட்டு முறுக்கினார். நாற்பது நாள் நன்றியும் அந்தக் குழாயின் நுனியில் இருந்தது.

வெள்ளிதோறும் மிளகு மூட்டையோடு அதே ஜீப்பில் சந்தைக்குப் போகும் சடையன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நட்டு அழுவுதுங்க."

"அழட்டும். கழலக் கூடாது."

வியாழன் பிற்பகலில் குரு வந்தார். குனிந்து ஒருமுறை பார்த்தார்.

"முட்டுகளை எடுத்துவிட்டு ஏறுங்கள். பூவாயி உட்காரும் மூலையில் உட்காருங்கள்."

சடையனும் ஏறிக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினார்கள். முதல் பாறையில் தில்லைநாயகத்தின் பற்கள் ஒன்றோடொன்று மோதின. இரண்டாவதில் இடுப்பிலிருந்து பிடரி வரை ஓர் ஆணி இறங்கியது. மூன்றாவதை அவர் எண்ணவில்லை.

இறங்கியதும் அவர் அடியில் ஊர்ந்து போனார். சாக்கிள் மறுபடியும் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. போல்ட்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறையான புஷ் திருகிக் கிழிந்திருந்தது.

"கோணம் சரியாக இருந்ததே, அம்மையே! நானே அளந்தேனே!"

"வண்டி எதன்மேல் நின்றபோது அளந்தீர்கள்?"

"முட்டின்மேல்."

"அப்போது உள்ளே யார் இருந்தார்கள்?"

தில்லைநாயகம் கையை நீட்டி ஸ்பேனரை இழுத்துக்கொண்டார். பிறகு நட்டுகளைத் தளர்த்தும் ஓசை கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் புதிய புஷ்களைப் போட்டு, போல்ட்டுகளைக் கையால் திருகுமளவுக்கு மட்டும் முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி நிறுத்தியிருந்தார் தில்லைநாயகம். சடையன் இரண்டு மூட்டைகளோடு வந்துவிட்டார். பலாப்பழத்தோடு இரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள். மூலை இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

"பூவாயி வரமாட்டேன் என்கிறாரே. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் தில்லைநாயகம்.

"கேட்க வேண்டியது நான் இல்லை" என்றார் குரு.

அடுப்படியின் வாசல் வரை பத்து எட்டு. தில்லைநாயகத்துக்கு அது பதினான்கு கிலோமீட்டராக இருந்தது. மோர் கொடுக்க வந்தவர்களைத் திருப்பியனுப்பிப் பழகிய நாக்கு, கேட்பதற்கு எழவில்லை. பூவாயி அவரைக் கண்டு எழுந்துகொண்டார்.

"என்னங்கய்யா, காப்பி வேணுங்களா?"

"இல்லை. பூவாயியம்மா, எனக்கு... எனக்கு ஓர் உதவி வேண்டும்."

"எங்கிட்டயா!"

"ஜீப்பில் வந்து சிறிது நேரம் உட்கார வேண்டும். உங்களுடைய எடை அதில் இல்லாமல் எனக்கு அளவு கிடைக்கவில்லை."

பூவாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்ன மொளகு மூட்டையா, ஏத்தி நிறுத்துப் பாக்கறதுக்கு?"

"பயணம் வேண்டாம். உட்கார்ந்தால் போதும்."

"ஒதவின்னு நீங்க வாயத் தொறந்து கேட்டுட்டீங்க. வராம இருந்தா நல்லாருக்குமுங்களா? வாங்க."

அவர்கள் வழக்கம்போல் அமர்ந்தார்கள். பூவாயி மூலையில், சடையன் எதிரே, மூட்டைகள் காலடியில். வண்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. அடியில் படுத்திருந்த தில்லைநாயகத்தின் கண்ணெதிரே சாக்கிள் மெல்லப் பின்னே போய்ச் சட்டத்தோடு ஒட்டிப் படுத்தது. முட்டின்மேல் அவ்வளவு நேர்த்தியாக நின்ற அதே சாக்கிள்தான்.

"எல்லாரும் இறங்குங்கள்!" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

இறங்கினார்கள். தூக்கினார், இன்னும் பின்னே இருந்த மூன்றாம் துளைக்கு மாற்றினார், இறக்கினார்.

"ஏறுங்கள்!"

"ஐயா, ஏறி எறங்குன நேரத்துக்கு நடந்தே சந்தைக்குப் போயிருக்கலாமுங்க" என்றார் சடையன்.

"பேசாம ஏறுய்யா. உன் மூட்டையவிட நீதான் கனம்" என்றார் பூவாயி.

பலாப்பழக்காரப் பெண்கள் சிரித்தார்கள். வண்டி மீண்டும் தாழ்ந்தது. இம்முறை சாக்கிள் பின்னே சென்று, பாதி வழியில் தனக்கான இடத்தைத் தானே கண்டுகொண்டு நின்றது. அதற்குப் பின்னாலும் நான்கு விரல் இடம் இருந்தது.

"ஐயா, கீழ இருக்கீங்களா?" என்று மேலிருந்து பூவாயியின் குரல் வந்தது. "எங்க பாரம் அமுக்கலீங்களே? நான் வேணா எறங்கிக்கட்டுமா?"

"வேண்டாம். இறங்காதீர்கள்."

"எம்மாம் நேரமுங்க?"

"நான் முறுக்கி முடிக்கும் வரை."

அவர்கள் அமர்ந்திருக்க, அவர் முறுக்கினார். குழாய் தேவைப்படவில்லை.

அவர் வெளியே வந்து தூசியைத் தட்டுவதற்குள் குரு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

"பூவாயி, ஏறினது ஏறினாய். முதல் வளைவு வரைக்கும் போய்ப் பார்க்கலாமா?"

பூவாயி வெளியே பாதையைப் பார்த்தார். பிறகு தில்லைநாயகத்தின் கிரீஸ் படிந்த முகத்தைப் பார்த்தார்.

"மொத வளைவு வரைக்குந்தான். ஐயாவும் ஏறட்டும்."

முதல் பாறை வந்தது. பூவாயி கம்பியை இறுகப் பற்றிக் கண்களை மூடிக்கொண்டார். சக்கரம் ஏறியது, இறங்கியது. வண்டி படகுபோல் ஒருமுறை அசைந்தது. பூவாயி கண்ணைத் திறந்து, தம்முடைய முதுகை யாரோ திருடிக்கொண்டுபோனது போலத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வளைவில் குரு வண்டியை நிறுத்தினார்.

"திருப்பவா?"

"அடுத்த வளைவு வரைக்கும் போங்க, பாப்போம்."

அங்கும் நின்றது. அங்கும் அதே கேள்வி. "இன்னொன்னு போலாமுங்க." பாதையில் மொத்தம் பதினோரு வளைவுகள். நான்காவதில் பூவாயி கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஏழாவதில் சடையனோடு மிளகு விலையைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார். ஒன்பதாவதில் குரு நிறுத்தவும் இல்லை, கேட்கவும் இல்லை. மருத்துவமனை வாசலில் இறங்கியபோது, "நானா வந்தேன்? இந்த வளைவுங்கதான் ஒண்ணுக்கொண்ணு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருச்சுங்க" என்றார்.

நான்கு மணி நேரம் கழித்து மலையேறினார்கள். சிகிச்சைக்குப்பின் எப்போதும் பூவாயி துவண்டுபோவார். இருந்தும் இத்தனை மாதங்களாகத் திரும்பும் வழியில் ஒரு கணமும் கண்ணயர முடிந்ததில்லை. அன்று இரண்டாம் வளைவு தாண்டுவதற்குள் அவருடைய தலை சரிந்து தில்லைநாயகத்தின் தோளில் சாய்ந்தது. குடில் வரும்வரை நிமிரவில்லை.

இறங்கும்போது பூவாயி கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்:

"சாமியம்மா, செவ்வாக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணுமுங்க?"

"வழக்கம்போல ஆறரைக்கு."

"அப்ப திங்கக்கெழமயே இட்டிலிக்கு ஊறப்போட்டுர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு நடந்தார்.

தில்லைநாயகம் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. கையைத் தூக்கித் துடைக்கப் போனவருக்குக் கை எழவில்லை, தோள் மரத்துப்போயிருந்தது. மற்றக் கையால் துடைத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"அம்மையே, இப்போதாவது சொல்லுங்கள். அவர் எனக்குச் செய்ததற்கு ஈடாகிவிட்டதா? இன்று காலையில்கூட உதவி கேட்டு நின்றது நான்தானே! இறக்கி வைக்கப் போனவன் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்."

குரு ஜீப்பின் பின்கதவை மூடினார்.

"திரும்பி வரும்போது அவர் உறங்கினாரா?"

"உறங்கினார். என் தோளில் சாய்ந்து, பன்னிரண்டு கிலோமீட்டர்."

"உங்களுக்கு எப்படி இருந்தது?"

தில்லைநாயகம் மரத்த தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கனமாக இருந்தது. வலித்தது. நான் அசைந்தால் விழித்துவிடுவாரோ என்று மூச்சையும் மெல்ல விட்டேன். பாதை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது."

"அந்தக் கனத்தையா இறக்கி வைக்கக் கேட்கிறீர்கள்?" என்றார் குரு.