குக்கர் வெடித்தபோது ஓடியவர்

குரு என்றால் தாடி இருந்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஜெசிந்தா மிஸ்ஸுக்கு வயது முப்பத்துநான்கு. பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தின் பின்கட்டு ஹாலில், ஞாயிறு மதியம் உளவியல் அரிச்சுவடி சொல்லித் தருவார். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட இல்லத்தரசிகள். அவர்களில் திலகவதிதான் எப்போதும் முதல் மார்க். மிஸ்ஸுக்கு அக்கா வயது. மூளையின் பாகங்களை ஜெபம் சொல்வது போலக் கடகடவென்று ஒப்பிப்பாள்.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

“நாளைக்கு மதுரைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன் மிஸ். திரும்பி வர்றதா இல்லை.”

“என்னக்கா ஆச்சு?”

“குக்கர் வெடிச்சிருச்சு.”

குக்கர் வெடித்ததற்காக எவளும் குடித்தனத்தை விட்டுப் போவதில்லை.

“வியாழக்கிழமை காலையில. அவர் என் பக்கத்துல நின்னு பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தார். வால்வு பிடுங்கிட்டுப் பருப்பு சீலிங் வரைக்கும் அடிச்சது. மனுஷன் என்னை ஒரு தள்ளு தள்ளிட்டு ஓடிட்டார் மிஸ். லுங்கியோட, கையில கத்தியோட, தெருமுனை வரைக்கும். திருடனைத் துரத்துறார்னு எதிர்வீட்டுக்காரி நினைச்சிருக்கா.”

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“இத்தனை வருஷம் பாசமா பேசினதெல்லாம் என்ன கணக்கு? உயிர் போற நேரத்துல என்ன செய்றாங்களோ அதுதானே நிஜ மனசு? சொல்லுங்க. நீங்கதானே மனசைப் பத்திச் சொல்லித் தர்றீங்க.”

மிஸ் அலமாரியைத் திறந்து, பிளாஸ்டர் மூளையை எடுத்தார். பாடம் நடத்துவதற்கென்று அவரே ஆசைப்பட்டு வாங்கியது. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

“இதைக் கொஞ்சம் பிடிங்கக்கா. பத்திரம்.”

குளிப்பாட்டிய குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள் திலகவதி. மிஸ் கைப்பைக்குள் துழாவினார். வார நாட்களில் அவர் பள்ளிக்கூட டீச்சர். ஆறாம் வகுப்பில் பிடுங்கிய ரப்பர் பல்லி ஒன்று அதில் கிடந்தது. எடுத்து, அவள் தோள்மேல் போட்டார்.

திலகவதி போட்ட அலறலில் ஜன்னல் புறாக்கள் பறந்துபோயின. மூளை தரையில் விழுந்து துண்டு துண்டானது.

அடுத்த நிமிடம் அவள் மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “ஐயோ மிஸ், சத்தியமா வேணும்னு போடலை.”

“அந்த மூளை மேல உங்களுக்கு என்ன கோபம்?”

“கோபமா? பல்லி மிஸ்.”

“ரப்பர்.”

“அது அப்புறம்தானே தெரிஞ்சது.”

“இதைப் பாடத்துல எப்படிச் சொல்லியிருக்கேன்?”

கேள்வி என்று வந்துவிட்டால் அவளால் ஒப்பிக்காமல் இருக்க முடியாது. “ஆபத்துன்னா, மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுல இருக்கிற ஒரு துண்டு முதல்ல மணி அடிச்சிரும். கை கால் அது பேச்சைக் கேட்டுரும். நெத்திப் பக்கம் இருக்கிற யோசிக்கிற மூளைக்குச் சேதி கொஞ்சம் பிந்தித்தான்…”

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. ஆனால் திலகவதி அவ்வளவு சீக்கிரம் மடங்குகிறவள் இல்லை.

“அது சரி. அதுக்குன்னு பெண்டாட்டியைத் தள்ளிவிட்டுட்டா ஓடுறது?”

“நீங்க ஓடலையா?”

“நான் எங்க ஓட. கல்லு மாதிரி நின்னேன். பருப்பு கொட்டி அடுப்பு அணைஞ்சுபோச்சு. கேஸ் உஸ்ஸுன்னு வருது. மூடணும்னு தெரியுது, கை எழும்பலை.”

“அப்ப யார் மூடினது?”

திலகவதி துண்டுகளை மடியில் அடுக்கினாள். பெரியது, சின்னது என்று.

“அவர்தான். திரும்பி வந்து.”

“கேஸ் வாடையிலயா?”

“ம். என் தோளைப் பிடிச்சு வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டு, மறுபடி உள்ளே போய் மூடினார். அடுப்பெல்லாம் கொதிக்கிற பருப்பு. உள்ளங்கை கொப்பளிச்சிருச்சு.”

“மருந்து போட்டீங்களா?”

“நான் ஏன் போடணும்? அவரே போட்டுக்கிட்டார்.” ஒரு துண்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே, “சாப்பிட ஸ்பூன் எடுத்து வைக்கிறேன்” என்றாள்.

“திரும்பி வந்ததை நீங்க முதல்ல சொல்லலையே.”

“அதுல சொல்ல என்ன இருக்கு மிஸ்?” திலகவதிக்குக் குரல் ஏறியது. “தெருமுனையில நின்னு மூச்சு வாங்கியிருப்பார். புத்தி வந்திருக்கும். யோசிச்சிருப்பார். யோசிச்ச பிறகு யார்தான் வரமாட்டாங்க?”

ஜெசிந்தா மிஸ் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் மடியிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“யோசிச்ச பிறகு, கேஸ் கசியிற வீட்டுக்குள்ள யாரு வருவாங்கக்கா?”