முப்பத்தாறு கத்திகளும் ஓர் இட்லிச் சட்டியும்

அக்டோபர் 14, காலை 6.40. குளிர்பெட்டிக்குள் முப்பத்தாறு ரோட்டவேட்டர் கத்திகள், டிராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறுபவை. உரிமையாளர் பெயர் அய்யாவு.

ஐம்பத்தேழு வயது. பெருந்துறைப் பக்கம் டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுபவர். அந்தச் சரளை மண்ணில் எண்பது மணி நேரம் ஓடினால் கத்திகள் தேய்ந்துவிடும். அவற்றின் ஆயுளைக் கூட்டும் வித்தையைக் கற்க இரண்டு மாதமாக, இரும்பைக் குளிரில் பதப்படுத்தும் சுகந்தியின் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தார். சுகந்திக்கு முப்பத்துநான்கு வயது.

வித்தை இதுதான். திரவ நைட்ரஜன் பெட்டியில் கத்திகளைப் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத்தொண்ணூறு டிகிரி வரை மெல்ல இறக்க வேண்டும். ஒரு நாள் அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். போன தடவை அய்யாவு பாதியில் மூடியைத் திறந்தார். பனி படிந்த கத்திகள்மேல் வெந்நீரும் ஊற்றினார். நான்கு விரிசல் விட்டன.

இந்த முப்பத்தாறும் முந்தின நாள் மதியம் உள்ளே போனவை. வேறு செட் அவரிடம் இல்லை. விடியலில் மழை பெய்தது. மச்சினர் நல்லப்பன் போனில் வந்தார்.

"மாமா, நீங்க உழ ஒத்துக்கிட்ட நாப்பது ஏக்கரும் பதமா இருக்குது. நாளைக்குக் காஞ்சுரும். நீங்க கத்திய ஐஸ்பெட்டியில வெச்சுட்டு மீன் யாவாரம் பாக்குறீங்களா?"

அய்யாவு சுகந்தியிடம் வந்தார்.

"அம்மணி, இப்பத் திறந்தா என்னங்க?"

சுகந்தி பெட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"உங்க கத்திங்கண்ணா. ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத் திறங்க."

கொட்டகை அடுப்பில் இருந்த இட்லிச் சட்டியில் மாவு ஊற்றி நான்கு நிமிடம் ஆகியிருக்கும். சுகந்தி மூடியைத் தூக்கி, இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். அய்யாவு பிட்டார். மேலே இட்லி. உள்ளே மாவு விரலில் ஒட்டியது.

"வேகலீங்களே அம்மணி."

"பாத்தா வெந்த மாதிரித்தானுங்கண்ணா இருந்துச்சு."

"மறுபடி வெச்சா?"

"வேகும். திங்கப் போறது நீங்கதான்."

அய்யாவு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நெருப்புல பழுக்கக் காச்சின இரும்பு. அதுல வேகாம என்னங்க மிச்சம்?"

"உள்ள கொஞ்சம் இறுகாம இருக்குதுங்க. அதை நெருப்பு முடிக்காது. குளிர்தான் முடிக்கும்."

"முடிஞ்சுதுன்னு எப்படிங்க தெரியும்? போறப்பவும் கருப்பு, வர்றப்பவும் கருப்பு."

சுகந்தி சட்டியை மூடினார்.

"பாதியில திறந்து பாத்தவங்க யாரும் இன்னும் கண்டதில்லீங்கண்ணா."

அய்யாவு சாவியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்துவிட்டு நல்லப்பனை அழைத்தார்.

"மாப்ளே, மீன் நாளன்னிக்குத்தான்."

இருபத்திரண்டு ஏக்கரை வேறொரு டிராக்டர் உழுதது. மீதி பதினெட்டு ஏக்கரை அடுத்த மழையில் அய்யாவு உழுதார். கத்தி ஒன்றிலும் விரிசல் இல்லை.

பிப்ரவரி 9. அதே முப்பத்தாறு கத்திகள் இருநூறு மணி நேரத்தைத் தாண்டியிருந்தன. அன்று நல்லப்பன் தன் புது டிராக்டரின் கத்திகளைச் சுகந்தியின் பெட்டியில் வைத்துவிட்டு, எப்போது திறக்கலாம் என்று கேட்டார். அய்யாவு சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.