புருடையில் ஒரு துளை

"நான் கத்துக்குடுத்த நீச்சல்தானுங்களே சாமி, எம்பேத்தியக் கொன்னது?"

குழந்தைவேலு கேட்டார். நேற்றும் இதைத்தான் கேட்டார். அதற்கு முந்தின நாளும்.

மலையடிவாரக் குடிசையில் சாமியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஆடி வெள்ளத்தில், ஆற்றில் விழுந்த தோழியைத் தூக்கப் பேத்தி மலர்க்கொடி குதித்தாள். தோழி கரையேறினாள். மலர்க்கொடி ஏறவில்லை.

நீச்சல் தெரியாதவளாக இருந்திருந்தால் கரையில் நின்று கத்தியிருப்பாள்.

காரியம் முடிந்த மறுநாள் குழந்தைவேலு முதன்முதலாக இங்கே வந்தார். அதே ஆற்றில் இறங்கப் போகிறேன், அதற்கு முன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார்.

சாமியார் முழுக்கக் கேட்டார்.

"நாளைக்கு வா. மறுபடி சொல்லு."

நாளைக்கு வரவேண்டுமே என்று அன்று ஆற்றுப் பக்கம் போகவில்லை. அப்படியே ஒவ்வொரு நாளும்.

இன்று கையில் ஒரு சுரைப்புருடை இருந்தது. காய்ந்த சுரைக்காய்க் கூடு. நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் கட்டுவது.

"சின்னவளுக்கும் கத்துக்குடுங்க மாமான்னு மருமக இத எடுத்து வெக்கறா சாமி. பெத்தவளே கேக்கறா. எனக்குக் கெணத்தப் பாத்தாலே காலு நடுங்குது. இது உங்ககிட்டயே கெடக்கட்டும்."

சாமியார் புருடையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் சின்னத் துளை. அதில் விரலை வைத்தார்.

"இதென்ன?"

"நாந்தான் போட்டேனுங்க, கோணி ஊசியில. புள்ள நல்லாக் கையக்கால ஒதைக்கப் பழகினதும், சொல்லாம ஒரு ஓட்டை. தண்ணி கொஞ்சங்கொஞ்சமா ஏறிக்கும். புருடைதான் தாங்குதுன்னு நெனச்சுக்கிட்டே புள்ள தானா நீந்தும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மலர்க்கொடி அதக் கண்டுபுடிச்ச அன்னிக்கு என்ன அடி அடிச்சா! 'ஓட்டையக் கட்டிவுட்டு ஏமாத்திட்டீங்க அப்பாரு'ன்னு. அடிச்சுட்டு மறுபடி குதிச்சா."

சாமியார் துளையிலிருந்து விரலை எடுத்தார்.

"ஏதாச்சும் சொல்லுங்க சாமி! இத்தன நாளாக் கேக்கறேன்!"

அடுப்படியிலிருந்து மயிலாத்தா எட்டிப் பார்த்தாள். சாமியாருக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள்.

"எதுக்குங்க இந்தக் கத்து கத்தறீங்க? அவருக்குத்தான் காது கேக்காதே."

"எப்பருந்து?"

"தையில காய்ச்சல் வந்துதே, அதோட போச்சு. உங்களுக்குத் தெரியும்னல்ல நெனச்சேன்."

"அப்ப, தெனமும் நான் சொன்னது?"

"உங்க வாய் நிக்கிற வரைக்கும் பாத்துட்டிருப்பாரு. நின்னதும் நாளைக்கு வாம்பாரு."

குழந்தைவேலு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தை போய், பங்குனி போய், இது வைகாசி.

சாமியார் புருடையை இரண்டு கையாலும் எடுத்து அவர் மடியில் வைத்தார்.

வெகுநேரம் கழித்துக் குழந்தைவேலு புருடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, 'நாளைக்கு வா' வரும் என்று வாசலில் நின்றார்.

சாமியார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.