மகாராஜாவின் குதிகாலும் இரண்டு அடுப்புகளும்

முன்னொரு காலத்தில் மருதநாட்டை மாறவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், காத்திருக்க மட்டும் தெரியாதவர்.

அவருக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு. மறுநாள் வெறுங்காலோடு தேர்வடம் பிடிக்க வேண்டும். அரண்மனைக்குக் களிம்பு செய்யும் நாச்சி, சபையிலேயே அடுப்பு மூட்டினாள். அகலப் பானையில் வெந்நீர், அதற்குள் ஒரு செம்பு, செம்பில் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும்.

குதிரைப்படைத் தலைவர் மழவராயர் சிரித்தார். நாச்சியை வேலைக்கு வைத்த அமைச்சர் உடையபிரானைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மெழுகை உருக்கச் சொன்னால் தண்ணீரைக் காய்ச்சுகிறாளே! நேராக நெருப்பில் வைத்தால் நொடியில் முடியும், மகாராஜா."

"அப்படியா? நீரே செய்யும். நீர் ஜெயித்தால் இவள் இன்றே ஊரைவிட்டுப் போகட்டும்."

மழவராயர் இன்னோர் அடுப்பு மூட்டி, வாணலியில் மெழுகையும் எண்ணெயையும் போட்டு நேராக நெருப்பில் வைத்தார். நாச்சிக்குப் பரிந்து பேசினால் தமக்கு வேண்டியவள் என்பார்கள் என்று நினைத்த உடையபிரான், மழவராயரின் வாணலியையே பார்த்திருந்தார். மெழுகு சீக்கிரமே உருகிவிட்டது. மழவராயரோ அதை இறக்காமல், சபையைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெயில் புகை கிளம்பியது.

அமைச்சர் எழுந்தார். "தோற்றோம், மகாராஜா. இத்தனை வேகமான கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? முதல் பூச்சு மழவராயர் பாதத்துக்கே ஆகட்டும்!"

"நல்லது. காலை நீட்டும்!"

மழவராயர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "கொஞ்சம் ஆறட்டுமே..."

"எப்போது ஆறும்?"

"உச்சிப்பொழுது ஆகலாம்."

"இதுதான் உமது நொடியா?"

ராஜா கேட்டு முடிப்பதற்குள் வாணலி குப்பென்று பற்றியது. காவலன் ஒருவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான்.

"ஊற்றாதே!" என்று கத்திய அமைச்சர், பித்தளைத் தாம்பாளத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி வாணலியை மூடினார்; விறகை வெளியே இழுத்தார். தீ அடங்கியது.

"நாச்சியும் தண்ணீரைத்தானே வைத்திருக்கிறாள்? அதை ஏன் தடுத்தீர்?"

"எரியும் எண்ணெயில் விழுந்த தண்ணீர் தீயைச் சபையெங்கும் வாரி இறைக்கும், மகாராஜா. செம்பைச் சுற்றி நின்றாலோ, தன் கொதிப்புக்கு மேல் எண்ணெயைச் சூடேற விடாது."

இந்த அமளிக்கு நடுவே நாச்சி தன் செம்பை இறக்கி ஆறவைத்திருந்தாள். களிம்பை முதலில் தன் மணிக்கட்டில் தடவிப் பார்த்தாள். பிறகுதான் ராஜாவின் குதிகாலில் பூசினாள். ராஜா தம் கைக்காப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். மழவராயர் வாணலிக் கரியைத் தேய்க்கப் போனார்.

ராஜா அமைச்சரின் பக்கம் திரும்பினார்.

"அமைச்சரே, காலையில் சிறைக்கு அனுப்பினேனே ஒரு நெசவாளி, அவன் சொன்னதை முழுவதும் கேட்டேனா?"

"இல்லை, மகாராஜா."

"கூட்டி வாருங்கள். அவன் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்."