ஆட்காட்டி வாய் திறந்த ராத்திரி

நாலு முட்டையில் ஒன்றைக் காணோம். குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஆட்காட்டிக் குருவி இரண்டு தடவை பார்த்தது. மூன்றுதான் கிடந்தது.

அந்தக் காலத்தில் எல்லாப் பிராணிக்கும் பேச்சு உண்டு. ஆட்காட்டிக்கும் உண்டு, ஆனால் பேசாது. தரையில் முட்டை இடுகிறவள் வாயைத் திறந்தால் இடம் தெரிந்துவிடும் என்று ஊமையாகவே காலத்தை ஓட்டியது.

முட்டை இட்ட இடம் இடுகாட்டில் வீரணன் மேடு. வீரணன் ஆயுசு முழுக்க ஊருக்கு இராக்காவல் நின்றவர். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று உட்கார்ந்ததே இல்லை. செத்தாலும் நின்றவாக்கில் புதைக்கச் சொன்னார், புதைத்தார்கள். அவ்வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு கூழாங்கல் போட்டதில் மேடெல்லாம் கல். கல்லோடு கல்லாகக் கிடந்தால் முட்டை யார் கண்ணில் படும்? போதாததற்குக் கீழே காவல்காரர் வேறு நிற்கிறார்.

கெடுத்தது நரி. ராத்திரியில் பொழுது போகாமல் ஒரு விளையாட்டு வைத்தது. புளியமரத்தடியிலிருந்து தனியாகப் போய் வீரணன் மேட்டில் ஒரு கல் எடுத்துவர வேண்டும். கீரி போனது, மரநாய் போனது. முயல் மட்டும் மறுத்துக்கொண்டே இருந்தது.

"போகாதேப்பா," என்றது நரி. "அவர் நின்னுக்கிட்டேதான் இருக்கார். உன்னைக் கண்டா நடந்தே வந்துடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஷம் வந்து அன்றைக்கு முயலும் போனது. இருட்டில் வாய்க்கு அகப்பட்ட ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவந்து, மற்ற கற்களோடு போட்டது.

ஆட்காட்டி மேலே பறந்து அந்தக் குவியலைப் பார்த்தது. விஷயம் புரிந்தது. விடிவதற்குள் முட்டை குளிர்ந்துவிடும். போய்க் கேட்டால் மேட்டில் முட்டை இருப்பது நரிக்குத் தெரியும், மிச்ச மூன்றும் போய்விடும். கேட்காவிட்டால் ஒன்றோடு போகும்.

ஒன்றைக்கூட விட அதற்கு மனசில்லை. மேட்டுக்கு நேர் எதிரே, குளத்துக்கு அந்தப் பக்கம் போய் இறங்கியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தது.

"எவன்டா எடுத்தது? அது கல் இல்லடா, என் பிள்ளை!"

முட்டை என்று புரிந்ததும் நரிக்கு நாக்கில் நீர் ஊறியது. தாய் கத்துகிற இடத்தில்தான் மிச்ச முட்டையும் இருக்கும் என்று குரல் வந்த திக்கில் ஓடியது. கீரியும் மரநாயும் பின்னாலேயே ஓடின. ஆட்காட்டி கத்திக்கொண்டே தள்ளித் தள்ளி உட்கார்ந்து, அவர்களை வயற்காடு முழுக்க இழுத்தடித்தது.

நரிக்கு மூச்சு வாங்கியபின் ஆட்காட்டி மேட்டுக்குத் திரும்பினால், அங்கே முயல். குவியலில் இருந்த ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டு, உள்ளே துடித்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. நாலையும் வயிற்றால் மூடிக்கொண்டு நடுங்கியது.

"கவ்வும்போதே சூடாத்தான் இருந்தது, அக்கா. சொன்னா தோத்துடுவேன்னு பேசாம இருந்துட்டேன்."

"இப்ப?"

"மேட்டுக்கே போகலை, பயந்து தோத்துட்டேன்னு நரிகிட்ட சொல்லிடறேன். எங்கே எடுத்தேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

அப்படியே சொன்னது. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

அன்று முதல்தான் ராத்திரியில் யார் நடந்தாலும் ஆட்காட்டி கத்துகிறது. முட்டை ஓரிடம், கத்தல் ஓரிடம். நரி ஏமாந்து ஓடுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும், ஓடாமல் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்பது இன்றைக்கும் அதே முயல்.